காற்று வள வரைபடம்: ஒரு நாட்டுக்கு அதை எப்படித் தயாரிப்பது?

ஒரு நாட்டின் காற்று வளத்தை வரைபடமாக்கும் பொறுப்பை ஏற்பவர், எந்த மென்பொருளையும் திறப்பதற்கு முன், இந்த வரைபடத்தைப் பார்த்து யார் எந்த முடிவை எடுக்கப் போகிறார் என்பதை எழுத்தில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். எந்தெந்த மாவட்டங்களில் எத்தனை ஜிகாவாட் அமைக்கலாம் என்று எரிசக்தித் துறை கேட்கும். எந்தத் துணை மின்நிலையத்துக்கு எந்த மாதத்தில் எவ்வளவு மின்சாரம் வந்து சேரும் என்று மின்தொடரமைப்பு நிறுவனம் கேட்கும். முதலீட்டாளரோ தமது அளவீட்டுக் கோபுரத்தை எங்கே நடலாம் என்று கேட்பார். இம்மூன்றுக்கும் நாடளாவிய வரைபடம் விடை தரும். குறிப்பிட்ட ஒரு சர்வே எண்ணில் காற்றாலை நட்டால் வங்கிக் கடன் அடையுமா என்ற கேள்விக்கு அது விடை தராது. தருவதாகக் காட்டிக்கொள்ளவும் கூடாது.

இந்தக் கட்டுரை இந்தியாவை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. நாற்பது ஆண்டுகளில் வெவ்வேறு உயரங்களுக்கும் வெவ்வேறு அனுமானங்களுக்கும் இங்கே வரைபடங்களும் மதிப்பீடுகளும் தயாரிக்கப்பட்டுள்ளதால், எந்தத் தேர்வு முடிவை எப்படி மாற்றுகிறது என்பதை இங்கே தெளிவாகக் காண முடிகிறது.

வேகத்தின் மும்மடிப் பெருக்கம்

காற்றிலிருந்து கிடைக்கும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை, அதாவது வேகம் × வேகம் × வேகம் என்பதைப் பொறுத்தது. வரைபடத்தில் வேகம் பத்து விழுக்காடு கூடுதலாகக் காட்டப்பட்டால், காற்றில் உள்ள திறன் முப்பத்து மூன்று விழுக்காடு கூடுதலாகக் காட்டப்படும். பிழை பெருகும் இந்தத் தன்மையால்தான் கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியிலும் இவ்வளவு கவனம் தேவைப்படுகிறது.

சராசரி வேகத்தை மட்டும் வைத்துத் திறனைக் கணக்கிடுவதும் தவறு. ஆண்டு முழுவதும் நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் சீராக வீசும் இடத்தையும், பாதி நேரம் 3 மீட்டரும் மீதி நேரம் 9 மீட்டருமாக வீசும் இடத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டின் சராசரியும் 6 மீட்டர்தான். ஆயினும் இரண்டாவது இடத்தின் காற்றில் முதலாவதைவிட 1.75 மடங்கு ஆற்றல் இருக்கிறது. பருவக்காற்று நாடுகளில் இந்த வேறுபாட்டைப் புறக்கணிக்கவே முடியாது. ஆகவே வரைபடத்தின் ஒவ்வொரு சதுரக் கட்டத்துக்கும் வேகப் பரவலை, அதாவது எந்த வேகம் எவ்வளவு நேரம் வீசுகிறது என்பதை, வழக்கமாக வெய்புல் பரவல் என்ற புள்ளியியல் சூத்திரத்தின் இரண்டு மாறிலிகளாக, சேர்த்தே பதிய வேண்டும்.

காற்றின் அடர்த்தியையும் அந்தந்த இடத்துக்குக் கணக்கிட வேண்டும். பாடநூல்கள் தரும் கனமீட்டருக்கு 1.225 கிலோகிராம் என்ற மதிப்பு கடல் மட்டத்தில் 15 டிகிரி வெப்பநிலைக்கு உரியது. திருநெல்வேலியின் வெயிலில் அது 1.15-ஐ ஒட்டி வந்துவிடும். கணக்கு தொடங்குவதற்கு முன்பே ஆறு விழுக்காடு குறைந்துவிட்டது என்பது இதன் பொருள்.

அளவீடு

இந்திய வானிலை நிலையங்களில் பல பத்தாண்டுக் காற்றுத் தரவு இருக்கிறது. ஆனால் அது வானிலைக்காகப் பத்து மீட்டர் உயரத்தில் எடுக்கப்பட்டது. பல நிலையங்களைச் சுற்றி மரங்களும் கட்டடங்களும் எழும்பிவிட்டன. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. சூரியன் மறைந்ததும் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து அடங்கிவிடும். அதே வேளையில் நூறு மீட்டருக்கு மேலே, தரையின் இழுவையிலிருந்து விடுபட்ட காற்று முன்னைவிட வேகமாக ஓடலாம். பத்து மீட்டர்க் கருவி அமைதி என்று எழுதிய இரவில் காற்றாலை முழுத்திறனில் சுழன்றுகொண்டிருக்கக்கூடும். எனவே வானிலை நிலையத் தரவை நீண்ட காலப் போக்கை அறியப் பயன்படுத்தலாம். அதைச் சூத்திரத்தில் பெருக்கி 120 மீட்டர் வரைபடம் தயாரிக்கக் கூடாது.

காற்றாற்றலுக்கென்றே தனி அளவீடு வேண்டும் என்பதை இந்தியாவில் நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர் அன்னா மணி. 1918-இல் பீருமேட்டில் பிறந்து, இந்திய வானிலைத் துறையில் துணைத் தலைமை இயக்குநராக 1976-இல் ஓய்வுபெற்ற அவர், ஓய்வுக்குப் பிறகே நாடெங்கும் காற்று அளவீட்டுப் பணியை முன்னின்று நடத்தினார். அவர் தொகுத்த தரவுத் தொகுதிகளும், அதன்பின் தொடர்ந்த தேசிய அளவீட்டுத் திட்டமும், 1998-இல் சென்னையில் தொடங்கப்பட்டு இன்று தேசிய காற்று சக்தி நிறுவனம் எனப்படும் அமைப்பின் பணிகளுமே பிற்கால வரைபடங்களுக்கெல்லாம் அடித்தளம்.

கோபுரங்களை எங்கே நடுவது? காற்று நன்றாக வீசும் என்று எல்லோருக்கும் தெரிந்த இடங்களில் மட்டுமே நடுவது பரவலாகக் காணப்படும் குறை. முதலீட்டாளருக்கு அது சரி. நாட்டின் வரைபடத்துக்கோ கடற்கரை, சமவெளி, பீடபூமி, மலை முகடு, கணவாய் வாய், கணவாயிலிருந்து தள்ளிய உள்நாடு என ஒவ்வொரு நிலவகையிலும் சில கோபுரங்கள் வேண்டும். காற்று மந்தமாக இருக்கும் என்று தோன்றும் இடங்களிலும் வேண்டும். கோபுரங்களுக்கு இடைப்பட்ட நிலத்தின் காற்றைக் கணக்கிடும் கணினி மாதிரி எங்கே பொய் சொல்கிறது என்பது அங்கேதான் தெரியவரும். ஏற்கெனவே காற்றாலைகள் நெருங்கி நிற்கும், கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தல் போன்ற பகுதிகளில் புதுக் கோபுரம் நட்டால், பிற காற்றாலைகளின் பின்புறத்தில் வேகம் குறைந்து கலங்கி வரும் காற்றைத்தான் அது அளக்கும். அத்தகைய இடத்தில், பழைய காற்றாலைகள் வருவதற்கு முன் எடுத்த தரவு கிடைத்தால் அதற்கே முன்னுரிமை தர வேண்டும்.

உயரத்தைப் பொறுத்தவரை குறைந்தது மூன்று மட்டங்களில் வேகத்தை அளக்க வேண்டும். மேல்மட்டம் இன்றைய காற்றாலை அச்சின் (இறக்கைகள் சுழலும் மையத்தின்) உயரத்தை எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நல்லது. காரணத்தை ஒரு கணக்கே காட்டும். 50 மீட்டரில் வேகம் நொடிக்கு 6 மீட்டர் என்க. உயரத்தோடு வேகம் கூடும் வீதத்தைக் குறிக்கும் அடுக்கு 0.14 ஆனால் 100 மீட்டரில் 6.6 கிடைக்கும், அதுவே 0.25 ஆனால் 7.1 கிடைக்கும். இரண்டுமே நம் நாட்டில் நடக்கக்கூடிய மதிப்புகள். திறனில் இவற்றுக்கிடையே ஏறத்தாழ கால் பங்கு வேறுபாடு வந்துவிடுகிறது. கோபுரத்தை உயர்த்த முடியாத இடங்களில், தரையிலிருந்து லேசர் கதிரை மேலே அனுப்பி அளக்கும் லைடார் கருவியைச் சில மாதங்களுக்குக் கோபுரத்தின் அருகே நிறுத்தி அந்த அடுக்கைச் சரிபார்க்கலாம். கடலில் லைடாரே முதன்மைக் கருவியாகிவிட்டது: குஜராத்தின் கம்பாத் வளைகுடாவில் 2017-இல் கடல்மேடையில் வைக்கப்பட்டதும் அதுதான்.

கருவிகள் நொடிக்கு ஒருமுறை படித்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சராசரி, திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி வேகம் ஏறி இறங்கும் அளவு), உச்சம், தாழ்வு ஆகிய நான்கையும் பதிவது வழக்கம். பருவக்காற்று நாட்டில் ஓராண்டுக்குக் குறைந்த அளவீட்டுக்குப் பொருளே இல்லை. ஆடிக் காற்றை மட்டும் அளந்துவிட்டு ஆண்டுக் கணக்கு எழுத முடியாது.

தரவைச் சரிபார்த்தல்

இந்தப் படிக்குத்தான் பெரும்பாலான திட்டங்களில் மிகக் குறைந்த நேரம் ஒதுக்கப்படுகிறது. ஒரு கோபுரத்தின் ஓராண்டுக் கோப்பில் ஐம்பத்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள் இருக்கும். வடிகட்டும் நிரலை ஓட்டுவதற்கு முன், ஒவ்வொரு மாதத்தையும் வரைகோடாக்கிக் கண்ணால் பார்க்க வேண்டும். வேகம் 0.4 என்ற ஒரே மதிப்பில் மணிக்கணக்காக நின்று, திட்ட விலக்கமும் சுழியமாக இருந்தால், அது அமைதியான காற்றா, கருவி சிக்கிக்கொண்டதா என்பதைப் பக்கத்து மட்டத்துக் கருவியோடு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும். திசைகாட்டி மூன்று வாரம் 250 டிகிரியைச் சுற்றியே இருப்பது சூன் மாதத்தில் இயல்பு. திசம்பரில் அப்படி இருந்தால் ஐயத்துக்குரியது.

ஒரே உயரத்தில் கோபுரத்தின் இரு பக்கங்களிலும் இரண்டு அனிமோமீட்டர்கள் (காற்று வேகத்தை அளக்கும் கருவிகள்) பொருத்தியிருந்தால், முதல் கருவியின் வேகத்தை இரண்டாவதன் வேகத்தால் வகுத்து, அந்த விகிதத்தைத் திசைக்கு எதிராகப் புள்ளியிட்டுப் பாருங்கள். புள்ளிகள் எல்லாத் திசைகளிலும் ஒன்றை ஒட்டிப் படுத்திருக்கும்; ஒரு குறுகிய திசைப் பட்டையில் மட்டும் கிணறுபோல் சட்டென்று கீழே இறங்கும், அதற்கு நேர் எதிர்த் திசையில் மேலே எழும். அவை கோபுரத்தின் நிழல் விழும் திசைகள். அத்திசைகளில் நிழலில் உள்ள கருவியை விட்டு மற்றதன் அளவை எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் படம் வேறொன்றையும் காட்டிக்கொடுக்கும். கருவி பொருத்திய கைகள் எந்தத் திசையில் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று நிறுவல் அறிக்கை சொல்கிறதோ அந்தத் திசையில் கிணறு விழாமல் நாற்பது டிகிரி தள்ளி விழுந்தால், திசைகாட்டியின் வடக்கு தவறாக அமைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். கோபுரத்தில் ஏறாமலேயே இதைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரே உயரத்தில் இரண்டு கருவி எதற்கு என்று செலவுக் கணக்கில் ஒன்றை வெட்டுபவர்களுக்கு இந்தப் படத்தையே விடையாகக் காட்டலாம்.

பதிவுக் கருவியில், அனிமோமீட்டரின் சுழற்சியைச் சரியான வேகமாக மாற்றும் அளவுத்திருத்தச் சமன்பாடு ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கிறதா என்பதையும் உறுதி செய்ய வேண்டும். ஏற்றப்பட்ட தரவின் மீது அதே சமன்பாட்டை மறுபடியும் செலுத்தினால் ஓராண்டுத் தரவு முழுதும் சீராகத் தவறாகிவிடும். சீராக இருப்பதால் எந்த வடிகட்டியிலும் அது சிக்காது.

மாதிரி

கோபுரங்களுக்கு இடைப்பட்ட நிலத்தைக் கணினி மாதிரி நிரப்புகிறது. தொடக்கப் பொருள் உலகளாவிய மறுபகுப்பாய்வுத் தரவு, அதாவது பழைய வானிலை அளவீடுகளை வானிலை மாதிரியில் செலுத்தி மீட்டுக் கணக்கிட்ட தரவு. ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈ.ஆர்.ஏ.5 என்ற தொகுப்பு 1940 முதல் மணிவாரியாக, ஏறத்தாழ 31 கிலோமீட்டர் கட்டத்தில் கிடைக்கிறது. பல ஆண்டுப் போக்கை அறிய இது மிகச் சிறந்தது. ஆனால் பாலக்காட்டுக் கணவாயின் அகலமே ஏறத்தாழ அவ்வளவுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் அரபிக்கடல் காற்றுக்கு வழிவிடும் இந்த இடைவெளி 31 கிலோமீட்டர்க் கட்டத்தில் ஒரு புள்ளியாகச் சுருங்கி, இரு பக்க மலைகளோடு சேர்ந்து சராசரியாகிவிடும். ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் அதில் தெரியவே தெரியா. பொள்ளாச்சி, உடுமலை, தென்காசி, முப்பந்தல் வட்டாரங்களின் காற்றுக்குக் காரணமே இந்தக் கணவாய்கள்தாம் என்பதை நினைத்தால், உலகத் தரவை நேரடியாக வண்ணமிட்டு வெளியிடும் வரைபடம் தமிழ்நாட்டின் சிறந்த இடங்களையே விட்டுவிடும் என்பது விளங்கும்.

எனவே டபிள்யூ.ஆர்.எஃப். போன்ற இடைநிலை வானிலை மாதிரியில், 27, 9, 3 கிலோமீட்டர் என்று ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டங்களைச் சிறிதாக்கி ஓட்ட வேண்டும். கணினி வசதி இருந்தால் பத்தாண்டைத் தொடர்ச்சியாக ஓட்டலாம். இல்லையென்றால் நீண்ட காலத்திலிருந்து எல்லா மாதங்களுக்கும் உரிய பங்கு கிடைக்கும்படி நாட்களைத் தேர்ந்தெடுத்து ஓட்டலாம். 3 கிலோமீட்டர் கட்டத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு இறங்க நுண்ணளவு மாதிரி வேண்டும். டென்மார்க்கின் ரிசோ ஆய்வகத்தில் உருவாகி 1989-இல் வெளியான ஐரோப்பியக் காற்று அட்லசுக்கு அடிப்படையான வாஸ்ப் முறை இவ்வகையின் மூலம். அதே ஆய்வகத்தின் துணையோடுதான் 2010-இல் இந்தியக் காற்று அட்லசும் வந்தது.

நுண்ணளவு மாதிரிக்கு நில உயரமும், பயிரும் மரமும் கட்டடமும் காற்றைத் தடுக்கும் அளவான தரைச் சொரசொரப்பும் வேண்டும். நில உயரத்துக்கு 2000-ஆம் ஆண்டு விண்வெளி ஓடம் எடுத்த 30 மீட்டர்த் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பெரிய சிக்கல் இல்லை. சொரசொரப்பில்தான் சிக்கல். நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் ‘வேளாண் நிலம்’ என்று ஒரே நிறத்தில் இருப்பது, நேரில் பருத்திக் காடாகவும் இருக்கலாம், தென்னந்தோப்பாகவும் இருக்கலாம். முதலாவதன் சொரசொரப்பு நீளம் சில சென்டிமீட்டர். இரண்டாவதற்கு ஒரு மீட்டரை நெருங்கலாம். பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளுக்கு ஐரோப்பியக் கோதுமை வயலின் மதிப்பைக் கொடுத்து ஓட்டிய மாதிரி அங்கே காற்றை மிகைப்படுத்தியே காட்டும். வகைப்பாட்டு அட்டவணையை அந்தந்த வட்டாரத்துக்கு மாற்றி எழுதுவது சலிப்பூட்டும் வேலை. ஆனால் கட்டத்தின் அளவை 3 கிலோமீட்டரிலிருந்து 1 கிலோமீட்டராக்கும் செலவைவிட இதன் பயன் பெரும்பாலும் கூடுதல் என்பது என் கருத்து.

வெளியிலிருந்து ஒப்பிட, டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உலக வங்கியும் சேர்ந்து இலவசமாக வழங்கும் உலகளாவிய காற்று அட்லஸ் இருக்கிறது. 250 மீட்டர் கட்டத்தில், 10 முதல் 200 மீட்டர் வரையான உயரங்களுக்குத் தருகிறது. தனி வரைபடம் தயாரிக்க நிதி இல்லாத நாடு இதிலிருந்தே தொடங்கி, தன் நிதியை அளவீட்டுக்குச் செலவிடலாம். பெரும்பாலான சிறிய நாடுகளுக்கு அதுவே அறிவுள்ள வழி.

ஒப்பிடுதல்

மாதிரியைத் திருத்தப் பயன்படுத்திய கோபுரங்களைக் கொண்டே அதன் துல்லியத்தை மெய்ப்பிக்கக் கூடாது. தொடக்கத்திலேயே ஒரு பகுதிக் கோபுரங்களை ஒதுக்கி வைத்துவிட வேண்டும். நாடு முழுவதற்கும் சராசரிப் பிழை சுழியத்தை நெருங்குகிறது என்ற ஒற்றை எண்ணையும் நம்பக் கூடாது. கணவாய்களில் நொடிக்கு ஒரு மீட்டர் குறைவாகவும் சமவெளியில் ஒரு மீட்டர் கூடுதலாகவும் காட்டும் வரைபடத்துக்கும் சராசரிப் பிழை சுழியம்தான். பிழையை நிலவகை, மாதம், இரவு பகல், திசை வாரியாகப் பிரித்துப் பார்த்தால் காரணமும் தெரியும்: இரவில் மட்டும் பிழை என்றால் மாதிரியின் எல்லைப்படலக் (தரையின் தாக்கம் எட்டும் கீழ்க் காற்றடுக்கின்) கணக்கில் கோளாறு; ஒரு திசையில் மட்டும் என்றால் அந்தப் பக்கத்து மேடோ தோப்போ விடுபட்டிருக்கிறது.

கோபுரத் தரவை நீண்ட காலத்துக்கு நீட்டுவதும் இங்கேதான். அளந்த ஆண்டில் பருவமழை வலுவாக இருந்திருக்கலாம். கோபுரத்தின் ஓராண்டையும் மறுபகுப்பாய்வின் அதே ஆண்டையும் மாதவாரியாகப் பொருத்தி, அந்தத் தொடர்பைக் கடந்த இருபது, முப்பது ஆண்டுகளுக்குச் செலுத்திய பிறகே வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும்.

வேகத்திலிருந்து ஜிகாவாட்டுக்கு

செய்தித்தாள்களில் வருவது இந்த எண்தான். அனுமானங்கள் மிகுதியாக நுழைவதும் இங்கேதான். இந்தியாவின் காற்றாற்றல் வாய்ப்பு 50 மீட்டர் உயரத்தில் 49 ஜிகாவாட் என்றும், 80 மீட்டரில் 102 என்றும், 100 மீட்டரில் 302 என்றும், 120 மீட்டரில் 695 என்றும், 150 மீட்டரில் 1,164 என்றும் அடுத்தடுத்து அறிவிக்கப்பட்டது. உயரம் கூடியது மட்டும் இதற்குக் காரணமன்று. முதல் இரண்டு மதிப்பீடுகள், பெரும்பாலான மாநிலங்களில் இரண்டு விழுக்காடு நிலமே கிடைக்கும் என்று பொத்தாம்பொதுவாகக் கொண்டவை. 100 மீட்டர் மதிப்பீடு நிலப்பயன்பாட்டு வரைபடத்தை வைத்து, தரிசு நிலத்தில் 80 விழுக்காடு, சாகுபடி நிலத்தில் 30, காட்டில் 5 என்று எடுத்துக்கொண்டது. அந்த 302 ஜிகாவாட்டில் ஏறத்தாழ பாதி தரிசு நிலத்திலிருந்தும், மறு பாதி சாகுபடி நிலத்திலிருந்தும் வந்தது. 30 விழுக்காட்டை 10 ஆக்கினால் எண் மிகப் பெரிதாகச் சரியும்.

ராஜஸ்தானின் கணக்கு இன்னும் தெளிவு. 100 மீட்டரில் ஏறத்தாழ 19 ஜிகாவாட். 120 மீட்டரில் 128. 150 மீட்டரில் 284. தமிழ்நாடோ அதே உயரங்களில் 34, 69, 95 என்றுதான் கூடுகிறது. ராஜஸ்தானில் அகன்ற தரிசு நிலங்களின் காற்று, கணக்கில் சேர்க்கத் தகுதியான வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. அச்சின் உயரம் சற்று ஏறியதும் அந்தப் பரப்பு முழுதும் வரம்பைத் தாண்டி உள்ளே வந்துவிடுகிறது. ஆகவே வரம்பை ஓர் எண்ணாக மட்டும் வைக்காமல், பயன்பாட்டுக் காரணி (ஆண்டு முழுவதும் முழுத்திறனில் ஓடினால் கிடைக்கும் மின்சாரத்தில் உண்மையில் கிடைக்கும் பங்கு) 20, 25, 30, 35 விழுக்காடு என்று பல வரம்புகளுக்கும் தனித்தனி ஜிகாவாட்டை வெளியிட வேண்டும். திட்டமிடுபவருக்குத் தேவைப்படுவது அந்த அட்டவணைதான். மொத்த எண் மேடைப்பேச்சுக்கு உதவும்.

ஒரு சதுர கிலோமீட்டரில் எத்தனை மெகாவாட் என்பதை வெளிப்படையாகக் கணக்கிட்டுக் காட்டுங்கள். 100 மீட்டர் விட்டமுள்ள 2 மெகாவாட் காற்றாலைகளை ஒரு பக்கம் ஐந்து விட்டமும் மறுபக்கம் ஏழு விட்டமும் இடைவெளி விட்டு நட்டால், ஒவ்வொன்றுக்கும் 0.35 சதுர கிலோமீட்டர். அதாவது சதுர கிலோமீட்டருக்கு 5.7 மெகாவாட்.

கழிக்க வேண்டிய நிலங்களில் ஊர், சாலை, நீர்நிலை, விமான நிலையம், பாதுகாப்புப் பகுதி ஆகியவை எளிதில் கிடைக்கும். பறவைகளின் வழித்தடம் எளிதில் கிடைக்காது. பின்னாளில் திட்டத்தை நிறுத்துவதும் அதுவே. ராஜஸ்தான், குஜராத்தில் அழிவின் விளிம்பில் உள்ள கானமயில் என்ற பறவை வாழும் பகுதிகளில் மின்கம்பிகளைப் புதைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2021-இல் இட்ட ஆணை, சூரிய, காற்றாலைத் திட்டங்கள் பலவற்றைத் தடுமாற வைத்தது. 2024-இல் அது மாற்றியமைக்கப்பட்டது. இலங்கையின் மன்னார்த் தீவு நாட்டிலேயே சிறந்த காற்று வீசும் இடங்களுள் ஒன்று, 103.5 மெகாவாட் காற்றாலைப் பண்ணையும் அங்கே இருக்கிறது. மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகளும் அந்தத் தீவுக்கே வருகின்றன. இத்தகைய வரைபட அடுக்குகளை முழுமையான தடை, நிபந்தனையுடன் அனுமதி என இருவகையாகப் பிரித்து, தடம் தெரியாத பகுதிகளையும் வரைபடத்தில் தனி நிறத்தில் காட்ட வேண்டும். மின்கம்பிப் பாதையையும் இதே ஆய்வுக்கு உட்படுத்த வேண்டும் என்பதே கானமயில் வழக்கு தரும் பாடம்.

மாதமும் மணியும்

தமிழ்நாட்டின் காற்று மின்சாரத்தில் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரை வருகிறது. ஆண்டுச் சராசரி வரைபடம் இதை மறைத்துவிடும். எனவே ஒவ்வொரு கட்டத்துக்கும் பன்னிரண்டு மாதங்கள், இருபத்து நான்கு மணிகள் என 288 மதிப்புகள் கொண்ட சிறு அட்டவணையை வரைபடத்தோடு இணைத்துத் தர வேண்டும். ஆண்டுச் சராசரியில் சற்றுப் பின்தங்கினாலும், மாலை மின்தேவை ஏறும் நேரத்தில் காற்று தரும் இடமோ, மற்ற மாநிலங்களில் காற்று அடங்கிய மாதங்களில் வீசும் இடமோ, மின்தொகுப்புக்குக் கூடுதல் மதிப்புடையது. இந்த அடுக்கின் மீது துணை மின்நிலையங்களையும் அவற்றில் மீதமுள்ள கொள்ளளவையும் வைத்தால்தான் எந்த வட்டாரத்துக்கு முதலில் கம்பி இழுப்பது என்ற கேள்வி விவாதத்துக்கு வரும்.

வெளியிடுதல்

அழகிய வண்ணப்படத்தை மட்டும் வெளியிட்டால், அதை வைத்து யாரும் கணக்குப் போட முடியாது. கட்டவாரி வேகம், பரவல் மாறிலிகள், அடர்த்தி, ஒவ்வொரு கட்டத்தின் பிழை வரம்பு, விலக்கப்பட்ட நிலங்களின் அடுக்குகள் ஆகியவற்றை எண்ணியல் கோப்புகளாகத் தர வேண்டும். பிழை வரம்பை அடிக்குறிப்பில் ஒளிக்காமல் இன்னொரு வரைபடமாகவே வெளியிட வேண்டும். அடுத்த கோபுரத்தை எங்கே நடுவது என்பதை முடிவு செய்யும் கருவி அதுதான்.

கோபுரங்களின் மூலத் தரவோடு, கருவிகளின் அளவுத்திருத்தச் சான்றிதழ், கைகள் நீட்டிய திசை, கோபுரத்திலிருந்து எட்டுத் திசைகளிலும் எடுத்த புகைப்படம், கருவி மாற்றிய தேதி ஆகியவற்றையும் காப்பகத்தில் சேர்த்து வைக்க வேண்டும். 50 மீட்டருக்காக எடுத்த தரவை 150 மீட்டர் வரைபடத்தைச் சரிபார்க்க மறுபடியும் எடுக்கும் நாள் வரும். அப்போது எண்கள் இருந்து இந்தக் குறிப்புகள் இல்லையென்றால், அந்தக் கோபுரத்தைப் பட்டியலிலிருந்து நீக்குவதைத் தவிர வேறு வழி இராது.